கழித்தல் கணக்கு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை கற்ற பாடம்

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம் ஊரில் இரண்டு பயங்கள் சேர்ந்தே வருகின்றன. உயிர் போய்விடுமோ என்பது ஒன்று. மார்பை எடுத்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. முதல் பயத்தைவிட இரண்டாவதுதான் பல பெண்களை மாதக்கணக்கில் வாய் திறக்கவிடாமல் செய்கிறது. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகம் முழுக்க இந்த நோய்க்கு ஒரே சிகிச்சைதான் இருந்தது. அது எடுத்துவிடுவதுதான், அதுவும் மார்பகத்தோடு நிற்காமல் எடுத்துவிடுவது.

இன்று அப்படியில்லை. ஒரே அளவுக் கட்டியோடு வரும் இருவரில் ஒருவருக்குச் சிறு அறுவையும் மாத்திரையும் போதும் என்கிறார்கள். இன்னொருவருக்கு அறுவையைத் தள்ளிவைத்து, முதலில் ஐந்தாறு மாதம் கீமோ கொடுக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் குழம்பிப் போவது நியாயமே. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் சொல்வதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முழுதாக வெட்டிய காலம்

அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐம்பது நோயாளிகளுக்குத் தாம் செய்த அறுவையின் விவரம் அது. மார்பகம், அதன் அடியில் உள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் அவர் ஒரே துண்டாக எடுத்தார். அதுவரை ஐரோப்பாவின் பேர்பெற்ற மருத்துவர்களிடம் அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வெட்டிய இடத்திலேயே கட்டி மறுபடி முளைத்தது. ஹால்ஸ்டெட்டின் ஐம்பது பேரில் மூவருக்குத்தான் அப்படி ஆனது.

அவர் கையில் ஒரு கோட்பாடும் இருந்தது. புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கி, அடுத்து அக்குள், அதற்கடுத்து அப்பால் என்று வரிசையாகப் பரவுகிறது; எல்லை தாண்டுமுன் அகல வெட்டிவிட்டால் நோய் தீர்ந்தது. கேட்பதற்குச் சரியாகவே படும். இந்தக் கோட்பாட்டை நம்பி அவர் வழிவந்தவர்கள் இன்னும் ஆழமாக வெட்டினார்கள். சிலர் விலா எலும்பைக்கூட எடுத்தார்கள். பெண்கள் குழிந்த நெஞ்சோடும், தூக்க முடியாத தோளோடும், வாழ்நாள் முழுக்க வீங்கிய கையோடும் வீடு திரும்பினார்கள். நோய் மறுபடி வந்தால், போதிய அளவு வெட்டவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது.

இதை எதிர்த்த குரல் அப்போதே இருந்தது. லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற மருத்துவர் 1920களிலேயே ரேடியம் ஊசிகளை மார்பகத்தில் வைத்து, வெட்டைக் குறைத்துப் பார்த்தார். பொருளியல் அறிஞர் கெய்ன்ஸின் தம்பிதான் அவர். முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஒரு மருத்துவரின் அனுபவத்தை இன்னொரு மருத்துவரின் அனுபவத்தால் வெல்ல முடியாது. அதற்குச் சோதனை வேண்டும்.

அந்தச் சோதனையைச் செய்தவர் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் ஃபிஷர். 1971இல் தொடங்கிய ஆய்வில் 1,665 பெண்கள் சேர்ந்தார்கள். யாருக்கு எந்த அறுவை என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை; குலுக்கல் முறை முடிவு செய்தது. ஒரு பகுதியினருக்கு ஹால்ஸ்டெட் அறுவை. மற்றவர்களுக்குத் தசையைத் தொடாமல் மார்பகத்தை மட்டும் எடுக்கும் அறுவை. அவர்களில் சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. இருபத்தைந்து ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தும் உயிர் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை. அத்தனை தசையும் வீணாக வெட்டப்பட்டிருக்கிறது.

1976இல் ஃபிஷர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: மார்பகத்தையாவது எடுக்க வேண்டுமா? நான்கு சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியுள்ள பெண்களைக் கொண்டு இன்னொரு சோதனை. முழு மார்பகத்தை எடுத்தவர்களும், கட்டியை மட்டும் சுற்றியுள்ள சிறிது நல்ல திசுவோடு எடுத்தவர்களும் இருபதாம் ஆண்டில் சம அளவிலேயே உயிரோடு இருந்தார்கள். ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு தராதவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14 சதவீதம். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்திய சோதனையும் அதே விடையைத்தான் தந்தது. இரு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002இல் வெளியாயின.

ஹால்ஸ்டெட் எங்கே தவறினார்? வெட்டிய இடத்தில் நோய் திரும்பாதது உண்மை. ஆனால் உயிரைப் பறிப்பது வெட்டிய இடம் அல்ல. நுரையீரலுக்கும் எலும்புக்கும் கல்லீரலுக்கும் போன உயிரணுக்கள். அவற்றில் சில, கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்பே இரத்தத்தின் வழி கிளம்பிப் போயிருக்கலாம். போனவற்றை எந்தக் கத்தியாலும் எட்ட முடியாது. போகாதவருக்கு அகலமான வெட்டு தேவையில்லை. இந்த நோயின் சிகிச்சை அதற்குப்பின் இரண்டு தடங்களில் நடந்தது. மார்பிலும் அக்குளிலும் செய்வதை எவ்வளவு குறைக்கலாம் என்பது ஒரு தடம். உடலெங்கும் போயிருக்கக்கூடியவற்றை எப்படி அடக்கலாம் என்பது மற்றது.

இன்னும் எதைக் குறைக்கலாம்?

அக்குளை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் முழுவதையும் எடுத்தால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. வளையல் ஏறாது, ரவிக்கை புகாது, சிறு காயமும் சீழ் பிடிக்கும். கணுக்களில் நோய் இருக்கிறதா என்று தெரியத்தான் அத்தனையையும் எடுத்தார்கள். பெரும்பாலும் இல்லை என்ற பதில் வந்தது.

1990களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு ஒன்றோ இரண்டோதான். மார்பில் நீலச் சாயமோ சிறிது கதிரியக்கப் பொருளோ செலுத்தினால் அவை அந்தக் கணுவில் போய்த் தேங்கும். அதை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. இதைக் காவல் கணுச் சோதனை என்கிறார்கள். கை வீக்கம் இருபது பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இன்னும் ஒரு படி போனது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் பெறும் பெண்களுக்கு ஒன்றிரண்டு காவல் கணுக்களில் நோய் இருந்தாலும்கூட அக்குளைத் துப்புரவாக எடுக்கத் தேவையில்லை என்று அது காட்டியது.

கதிர்வீச்சும் சுருங்கியது. மருத்துவமனை வராந்தாக்களில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்கிறார்களே, அந்தச் சிகிச்சை முன்பு வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம் நடக்கும். ஒவ்வொரு தவணையிலும் அளவைச் சற்றுக் கூட்டி, தவணைகளைப் பதினைந்தாகக் குறைத்தால் பலனும் பக்கவிளைவும் மாறவில்லை என்று பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. அதே நாட்டில் நடந்து 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஒரே வாரத்தில் ஐந்து தவணையும் போதுமானதாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்து மருத்துவமனைப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு ஐந்து வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. அறுபத்தைந்து வயது தாண்டி, சிறிய, ஹார்மோன் சார்ந்த கட்டி உள்ளவர்களில் சிலருக்குக் கதிர்வீச்சே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். அதே மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடும், ஆயுள் குறைவதில்லை.

இதனால் முழு மார்பகத்தை எடுப்பது வழக்கொழிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. ஒரே மார்பகத்தில் வெவ்வேறு இடங்களில் கட்டிகள் இருந்தால், மார்பின் அளவுக்குக் கட்டி மிகப் பெரிதாக இருந்தால், தோல் சிவந்து ஆரஞ்சுத் தோல்போலத் தடிக்கும் அழற்சி வகையாக இருந்தால், கதிர்வீச்சு தர முடியாத நிலை இருந்தால் அதுவே சரியான வழி. அப்போதும் தசையை எடுப்பதில்லை. முதுகுத் தசையையோ வயிற்றுக் கொழுப்பையோ கொண்டு, அல்லது சிலிகான் வைத்து, மார்பகத்தை மறுபடி அமைக்கவும் முடியும். கேட்கத் தயங்கும் பெண்களும், சொல்லாமல் விடும் மருத்துவமனைகளும் இருப்பதால் இந்த வாய்ப்பு பலருக்குத் தெரியாமலே போகிறது.

மூன்று பரிசோதனைகள்

இரண்டாவது தடத்தின் கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன், பால் சுரப்பு பற்றி ஆராய்ந்தவர். சினைப்பையை எடுத்துவிட்டால் கறவை மாட்டின் பால் வற்றாது என்பது பண்ணைக்காரர்கள் அறிந்திருந்த செய்தி. அப்படியானால் சினைப்பைக்கும் மார்பகத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கவேண்டும் என்று நினைத்தார். நோய் முற்றிய, முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவருக்குச் சினைப்பைகளை அகற்றினார். கட்டி சுருங்கிப் போனது. அந்தப் பெண் மேலும் சுமார் நான்கு ஆண்டு வாழ்ந்தார். 1896இல் ‘லான்செட்’ இதழில் இது வெளிவந்தபோது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையே யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

ஆனால் எல்லாருக்கும் இது பலிக்கவில்லை. ஏன் என்பதற்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், சில உயிரணுக்களில் மட்டும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் இருப்பதைக் கண்டார். அந்த ஏற்பி உள்ள கட்டிதான் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அது இல்லாத கட்டிக்கு ஹார்மோனை நிறுத்தியும் பயனில்லை.

ஏற்பியை அடைக்கும் மருந்து வேறு வேலைக்காகப் பிறந்தது. 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற வேதியியலாளர், கருத்தடை மாத்திரை தேடும் திட்டத்தில் ஒரு சேர்மத்தைத் தயாரித்தார். எலிகளில் கருத்தடை செய்த அது, பெண்களிடம் கருமுட்டையை வெளிப்படச் செய்தது. கருத்தடை மருந்தாகத் தோற்ற அந்தச் சேர்மம்தான் டமாக்சிஃபென். 1971இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்து முதல் முடிவுகளை வெளியிட்டது. ஏற்பி உள்ள நோயாளிகள் அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டு டமாக்சிஃபென் சாப்பிட்டால், பதினைந்து ஆண்டுக் கணக்கில் இந்த நோயால் நேரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சிலருக்குப் பத்தாண்டு தருவதும் உண்டு. விலை மலிவு. நாளுக்கு ஒரு மாத்திரை.

மாதவிடாய் நின்றவர்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சினைப்பையிலிருந்து வருவதில்லை. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி அதைத் தயாரிக்கிறது. அந்த நொதியை நிறுத்தும் லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகள் அவர்களுக்கு டமாக்சிஃபெனைவிடச் சற்றுக் கூடுதல் பலன் தருகின்றன. டமாக்சிஃபெனில் உடம்பு திடீரெனச் சூடாகும், அரிதாக இரத்தம் உறையும், கருப்பை உட்சவ்வில் கோளாறு வரலாம். லெட்ரசோல் வகையில் மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் வரும். எதைத் தருவது என்பதை வயதும் எலும்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

அடுத்தது ஹெர்-2. இது உயிரணுவின் மேற்பரப்பில் நின்று ‘வளர்’ என்று உள்ளே செய்தி அனுப்பும் ஒரு புரதம். ஆறில் ஒருவர் என்ற கணக்கில், மார்பகப் புற்றுநோயாளிகளின் கட்டியில் இது மிதமிஞ்சி இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டிகள் வேகமாகப் பரவுகின்றன என்பதை 1987இல் லாஸ் ஏஞ்சலஸின் டெனிஸ் ஸ்லேமன் காட்டினார். பதினோரு ஆண்டில், 1998இல், அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து அடக்கும் எதிர்ப்புரத மருந்து டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் வெளியான பெரிய ஆய்வுகள், ஆரம்ப நிலையில் கீமோவோடு இதைச் சேர்த்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்றன. மிகக் கொடியது என்று பெயர் எடுத்திருந்த வகை, நன்றாகச் சிகிச்சை பெற்றால் நல்ல பலன் தரும் வகையாக மாறியது. இதயத்தின் விசையை இது குறைக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுக்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி, மிதமிஞ்சிய ஹெர்-2 மூன்றும் இல்லாத கட்டி ‘டிரிப்பிள் நெகட்டிவ்’. மேற்கு நாடுகளில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். இந்திய ஆய்வுகளில் நான்கில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ காணப்படுகிறது. மாத்திரைக்கோ டிராஸ்டுசுமாபுக்கோ பிடிகொடுக்காத இதற்குக் கீமோதான் முதன்மை. இப்போது நோயெதிர்ப்பு அணுக்களின் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாபையும் சேர்க்கிறார்கள். பெரிய ஆய்வொன்றில் கீமோவை மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதத்தினருக்கும், இரண்டையும் பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கும் அறுவையின்போது கட்டியின் தடயமே இல்லை. பிறப்பிலேயே பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு ஒலாபரிப் என்ற மாத்திரை உதவுகிறது.

பயாப்சிக்குப் பின் கையில் வரும் ஐ.ஹெச்.சி. அறிக்கையின் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 என்ற மூன்று வரிகள்தாம் சிகிச்சையின் போக்கைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஒரே அளவுக் கட்டியுள்ள இருவருக்குச் சிகிச்சை மாறுவது இதனால்தான்.

கீமோ யாருக்கு, எப்போது?

உடலெங்கும் போயிருக்கக்கூடிய உயிரணுக்களைக் கொல்ல மருந்து தரலாம் என்பதை 1976இல் மிலானின் ஜியானி போனடோனா நிரூபித்தார். மூன்று மருந்துகளின் கூட்டை அறுவைக்குப் பின் தந்தால் நோய் திரும்புவது குறைந்தது. பின்னர் சிவப்பு நிறத்தால் நோயாளிகள் மறக்காத டாக்சோரூபிசினும், யூ மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பாக்ளிடாக்சலும் சேர்ந்தன. பாக்ளிடாக்சலைக் கண்டெடுத்த இருவரில் ஒருவரான மன்சுக் வாணி மகாராஷ்டிரத்தில் பிறந்தவர்.

இங்கும் கொஞ்சகாலம் ஹால்ஸ்டெட் தர்க்கம் திரும்ப வந்தது. மருந்து நல்லதென்றால் மிக அதிக மருந்து மிக நல்லதுதானே? 1980களிலும் 90களிலும் எலும்பு மஜ்ஜையே அழிந்துபோகும் அளவுக்குக் கீமோ கொடுத்து, முன்பே எடுத்துவைத்த தண்டு உயிரணுக்களைத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையைப் பல்லாயிரம் பெண்கள் பெற்றார்கள். சோதனை முடியும் வரை காத்திருக்க யாரும் தயாராக இல்லை. 1999இல் முடிவுகள் வந்தபோது பலன் தெரியவில்லை. பலன் உண்டு என்று பெரிதாகச் சொன்ன ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவினுடையது. தணிக்கைக் குழு போய்ப் பார்த்தபோது அது மோசடி என்று தெரிந்தது. சிகிச்சை கைவிடப்பட்டது.

இப்போதைய கேள்வி நேர்மாறானது: யாருக்குக் கீமோ தேவையில்லை? ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத, அக்குளுக்குப் பரவாத கட்டியில் 21 மரபணுக்களின் செயலை அளந்து ஒரு மதிப்பெண் தரும் சோதனை உண்டு. அதை வைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு 2018இல் முடிவைச் சொன்னது: நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில், குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, மாத்திரையே போதும், கீமோ கூடுதலாக எதையும் தருவதில்லை. இந்தச் சோதனைக்கு இந்தியாவில் லட்சக்கணக்கில் ஆகும். இதே நோக்கத்தோடு பெங்களூருவில் உருவான கேன்அசிஸ்ட் சோதனை அதைவிட மலிவு.

தேவைப்படுபவருக்கு அறுவைக்கு முன்பா, பின்பா? முன்பு தந்தாலும் பின்பு தந்தாலும் ஆயுள் ஒன்றுதான் என்று ஃபிஷர் குழுவே காட்டியிருக்கிறது. ஆனாலும் டிரிப்பிள் நெகட்டிவுக்கும் ஹெர்-2 வகைக்கும், கட்டி பெரிதாக உள்ளவர்களுக்கும் இப்போது முன்பே தருவது வழக்கம். கட்டி சுருங்கினால் மார்பகத்தைக் காக்கலாம். மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். அறுவையில் நோய் மிச்சமிருந்தால் அடுத்து வேறு மருந்துக்கு மாறலாம். முற்றிய நிலையில் வரும் பெண்களையே அதிகம் கண்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், கீமோவையும் கதிர்வீச்சையும் முதலில் தந்து பிறகு அறுவை செய்யும் வழியை வெகுகாலம் முன்பே கையாண்டு, முடிவுகளையும் வெளியிட்டார்கள்.

பரவிய பிறகு

எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய நோயைப் பெரும்பாலும் முற்றிலும் ஒழிக்க முடியாது. அடக்கி வைத்து, நல்ல வாழ்க்கையை நீட்டிக்கலாம். ஹார்மோன் வகையில், உயிரணுப் பிரிவை நிறுத்தும் ரைபோசிக்ளிப் போன்ற மாத்திரையை லெட்ரசோலோடு சேர்த்தபோது சராசரி ஆயுள் 51 மாதத்திலிருந்து 64 மாதமாக உயர்ந்தது. இதே குடும்பத்துப் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 தொடக்கத்தில் இந்தியாவில் முடிந்ததும் உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி விலை சரிந்தது. டிராஸ்டுசுமாபின் முதல் ‘பயோசிமிலர்’ மருந்தை 2014இல் பெங்களூருவின் பயோகான் சந்தைக்குக் கொண்டு வந்ததும் அப்படித்தான் உதவியது. அதே எதிர்ப்புரதத்தின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றிக் கட்டிக்குள் கொண்டுபோய் இறக்கும் புதிய மருந்துகளும் வந்துவிட்டன. 

இந்த நிலையிலும் கழித்தல் உண்டு. பரவிய பிறகும் மார்பில் இருக்கும் மூலக் கட்டியை எடுத்துவிட்டால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பெண்களிடம் அதைச் சோதித்து 2015இல் வெளியிட்டது: கூடவில்லை. புண்ணாகி வழியும் கட்டிக்கு நிம்மதிக்காக அறுவை செய்யலாம். ஆயுளுக்காகச் செய்ய வேண்டியதில்லை.

கூட்ட வேண்டியதும் விலையுயர்ந்ததாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அதே மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில், அறுவைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் மருந்துதான். சுமார் 1,600 பெண்களில், ஐந்தாண்டு உயிர் பிழைத்திருப்பவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தார்கள். 2023இல் வெளியான இந்த முடிவை மற்ற நாடுகளும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். செலவோ சில பத்து ரூபாய்.

நம் ஊரின் தவறான கழித்தல்

2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் அதனால் இறந்தார்கள். புதிய நோயாளிகளோடு ஒப்பிட்டால் சாவு பாதி. அமெரிக்காவில் அந்த விகிதம் ஆறில் ஒன்று. மேலே சொன்ன மருந்துகளின் விலை இந்த இடைவெளிக்கு ஒரு பகுதிக் காரணம்தான். பெரிய காரணம் தாமதமும் பாதியில் விடுவதும். வலி இல்லை என்பதால் கட்டியைப் பொருட்படுத்துவதில்லை. இந்த நோயில் தொடக்கத்தில் வலி இருப்பதே குறைவு. ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் போகின்றன. பயாப்சி ஊசியால் நோய் முற்றியதற்குச் சான்று கிடையாது. பயாப்சி இல்லாமல் வகை தெரியாது. வகை தெரியாமல் சிகிச்சையே கிடையாது. எண்ணெயும் லேகியமும் முயன்று பார்த்துவிட்டு வரும்போது, மார்பகத்தைக் காத்திருக்கக்கூடிய கட்டி காக்க முடியாததாகிவிடுகிறது.

மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டு நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்ததே ஐம்பது வயது தாண்டியவர்களின் சாவை முப்பது சதவீத அளவுக்குக் குறைத்தது. மேமோகிராம் எட்டாத ஊருக்கும் கை எட்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் சிகிச்சையின் பெரும்பகுதியைச் செலவின்றிப் பெறலாம்.

பாதியில் விடுவது இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. இரண்டு கீமோவில் கட்டி சுருங்கியதும் வராமல் போய்விடுகிறார்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ‘கரண்ட்’ வைக்க வருவதில்லை. நோய் மீளும் வாய்ப்பை அது எவ்வளவு உயர்த்துகிறது என்பதைப் பார்த்தோம். நோய்தான் போய்விட்டதே என்று டமாக்சிஃபெனை இரண்டாம் வருடத்தில் நிறுத்துகிறார்கள். வீட்டில் நாலு பேர் பேசி முடிவெடுத்துவிட்டு, நோயாளியிடம் ‘சாதாரணக் கட்டிதான்’ என்று சொல்லி வைப்பதும் இதற்கு வழி செய்கிறது. சாதாரணக் கட்டிக்கு ஐந்து வருடம் யார் மாத்திரை சாப்பிடுவார்கள்?

சிகிச்சை தொடங்குமுன் நோயாளியே மருத்துவரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. என் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ன? வேறெங்கும் பரவியிருக்கிறதா? மார்பகத்தைக் காக்க முடியுமா, முடியாதென்றால் ஏன்? அக்குளில் காவல் கணுவை மட்டும் எடுத்தால் போதுமா? கீமோ முன்பா, பின்பா, தேவையே இல்லையா? கதிர்வீச்சு எத்தனை தவணை? மாத்திரை எத்தனை ஆண்டு? பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கருமுட்டையைச் சேமிக்க நேரம் உண்டா? அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்களா? சில நாள் எடுத்து இவற்றுக்கு விடை காண்பதால் நோய் முற்றிவிடாது.

தசை, மார்பகம், அக்குள், கீமோ என்று ஒவ்வொன்றாகக் குறைக்க முடிந்தது ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் உடலையே சோதனைக்குத் தந்ததால்தான். குலுக்கலில் எது விழுந்தாலும் சரி என்று ஒப்பிய அவர்கள் பெற்றுத் தந்த விடைகள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று இரண்டையும் தெளிவாகச் சொல்கின்றன. அந்தக் கணக்கைப் பயமோ பணமோ உறவினரின் யோசனையோ போடத் தொடங்கினால், குறைவது ஆயுள்தான்.